செலியாக்: குடல் நோய் நரம்பையும் மனத்தையும் தொடுவது எப்படி?

கோதுமையைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு ஓடுகிறது. "சப்பாத்தியை விட்டேன், மூளை பளிச்சென்று ஆகிவிட்டது, கோதுமை மூளைக்கு விஷம்" என்பது ஒன்று. குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கும் எவருக்கும் இது வந்து சேர்ந்திருக்கும். "செலியாக்கா? அது வெள்ளைக்காரர்களுக்கும் பஞ்சாபிகளுக்கும் வருகிற வயிற்றுப்போக்கு, நமக்கு ஏது?" என்பது இன்னொன்று. முதல் பேச்சால் தேவையில்லாமல் பத்தியம் இருப்பவர்கள் பெருகுகிறார்கள். இரண்டாவது பேச்சால், கால் தள்ளாட்டத்துக்கும் மரத்துப்போன பாதத்துக்கும் காரணம் தெரியாமல் மருத்துவமனை மாற்றி மருத்துவமனை அலையும் சிலர் கண்ணில் படாமலே போகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

செலியாக் என்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிலருடைய சிறுகுடல் பழுதாகும் நோய். அது உண்மையிலேயே நரம்பையும் மனத்தையும் தொடும். ஆனால் அது நடக்கும் விதம் வாட்ஸ்அப்பில் சொல்வது போல இல்லை.

குளூட்டன் எல்லோர் குடலிலும்தான் மிஞ்சுகிறது

பரோட்டா மாவை வீசும்போது கிழியாமல் காகிதம் போல விரிகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் குளூட்டன். கோதுமையில் இருக்கும் ஒரு புரதக் கூட்டத்தின் பெயர் அது. அதன் நெருங்கிய சொந்தங்கள் பார்லியிலும் ரை தானியத்திலும் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு ஆகியவற்றில் இல்லை.

புரதம் எதுவானாலும் வயிறும் குடலும் அதைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். குளூட்டனில் மட்டும் நம்முடைய செரிமான நொதிகளால் வெட்ட முடியாத நீளமான துண்டுகள் மிஞ்சிவிடுகின்றன. இது நோயாளிக்கு மட்டும் நடப்பதல்ல. எனக்கும் உங்களுக்கும் நடக்கிறது. பெரும்பாலானோருக்கு அந்தத் துண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் வெளியேறிவிடும். "குளூட்டன் செரிக்காது, அதனால் அது விஷம்" என்ற வாதம் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

தொல்லை தொடங்குவதற்கு ஒரு குறிப்பிட்ட மரபு வேண்டும். டிகியூ-2, டிகியூ-8 என்று பெயர் கொண்ட இரண்டு மரபு வகைகளில் ஒன்றாவது இல்லாதவருக்கு செலியாக் வருவது மிக மிக அரிது. அவை இருந்துவிட்டால் நோய் வந்தே தீரும் என்றும் சொல்ல முடியாது. உலக மக்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அந்த மரபு இருக்கிறது. நோய் வருவதோ ஏறக்குறைய 100இல் ஒருவருக்கு. எந்த வயதிலும் வரலாம்.

தையல்காரரும் அந்நியனும்

ஓர் ஊரில் ஒரு தையல்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழிந்ததைத் தைப்பது அவர் வேலை. நம் உடலில் அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு டிரான்ஸ்குளூட்டமினேஸ்-2 என்று பெயர். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, காயம் ஆறுவதற்குத் துணை செய்யும் நொதி. அதைத் தையல்காரர் என்றே அழைப்போம்.

குடல் சுவருக்குள் நுழைந்த குளூட்டன் துண்டு, ஊருக்குப் புதிதாக வந்த அந்நியன். தையல்காரரிடம் போகிறான். அவர் வழக்கம்போல ஒரு பொத்தானை மாற்றிவிடுகிறார். அதாவது அந்தத் துண்டிலுள்ள ஓர் அமினோ அமிலம் வேறொன்றாகிறது. மாற்றம் சின்னதுதான். ஆனால் டிகியூ-2, டிகியூ-8 மரபு உள்ளவர்களின் காவல் செல்கள் வைத்திருக்கும் "தேடப்படுபவர்" அடையாளத்தோடு அந்தப் புதிய சட்டை கச்சிதமாகப் பொருந்திப் போகிறது. டி-செல்கள் என்ற நோயெதிர்ப்புப் படை கிளம்பிவிடுகிறது.

அந்நியனைப் பிடிக்கும்போது தையல்காரரின் நூலும் அவனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருவரும் கூட்டாளிகள் என்று படை முடிவு கட்டுகிறது. விளைவு: குளூட்டனுக்கு எதிராக மட்டுமல்லாமல், சொந்த உடலின் நொதிக்கு எதிராகவும் ஆன்டிபாடிகள் உருவாகின்றன. ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு பொருளைக் குறிவைத்து உடல் தயாரிக்கும் புரதம். இப்படி உடல் தன்னையே குறிவைக்கும் நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்கிறோம். செலியாக் அவற்றில் ஒன்று.

ஆன்டிபாடியின் குறி தையல்காரர்தான் என்பதை 1997இல் ஜெர்மனியில் ஒரு குழு கண்டுபிடித்தது. இன்று ஆய்வகத்தில் செய்யும் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை அதிலிருந்து பிறந்ததுதான். குளூட்டனை அடியோடு நிறுத்தினால் இந்த ஆன்டிபாடிகளும் மெல்லக் குறைவதற்கும் இதே கதையில் விடை இருக்கிறது. அந்நியன் வராத ஊரில் கூட்டாளியைத் தேடும் வேலை படைக்கு இல்லை.

இந்தக் கைகலப்பில் முதலில் அழிவது குடலின் உட்புறத்தில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள். உணவிலிருந்து சத்தை உறிஞ்சுபவை அவைதான்.

சுருக்கமாக: குளூட்டன் துண்டு எல்லோருக்கும் மிஞ்சுகிறது. குறிப்பிட்ட மரபு உள்ள சிலருக்கு மட்டும் உடலின் படை அதை எதிரியாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற சொந்த நொதியையும் சேர்த்துத் தாக்குகிறது.

வெளியூரில் இருக்கும் சகோதரர்கள்

தையல்காரருக்கு உடன்பிறந்தவர்கள் உண்டு. டிரான்ஸ்குளூட்டமினேஸ்-3 தோலில் இருக்கிறார். டிரான்ஸ்குளூட்டமினேஸ்-6 நரம்பு மண்டலத்தில் இருக்கிறார். குடும்ப ஜாடை ஒன்றுதான். மூன்றாம் எண்ணுக்கு எதிராக ஆன்டிபாடி உருவானால் முழங்கையிலும் முழங்காலிலும் தாங்க முடியாத அரிப்போடு கொப்புளங்கள் வருகின்றன. ஆறாம் எண்ணுக்கு எதிரான ஆன்டிபாடிகள், காரணம் புரியாத தள்ளாட்டம் உள்ள நோயாளிகள் சிலரிடம் இருப்பது 2008இல் தெரியவந்தது.

அந்த ஆன்டிபாடிதான் மூளைச் செல்லைக் கொல்கிறதா, அல்லது நடந்த சேதத்துக்குச் சாட்சியாக மட்டும் நிற்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் முடியவில்லை. நோயெதிர்ப்புப் படையின் கை அங்கே இருக்கிறது என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

குடல் நோய்க்காரர்களுக்கு நரம்புக் கோளாறும் வருகிறது என்ற கவனிப்பு இதற்கெல்லாம் முந்தியது. 1966இல் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த குக், தாமஸ் ஸ்மித் இருவரும் செலியாக்கோடு நரம்புப் பாதிப்பும் கொண்ட 16 பேரைப் பற்றி எழுதினார்கள். வைட்டமின் குறைவுதான் காரணமாக இருக்கும் என்று அன்று பலர் நினைத்தார்கள். ஆனால் இறந்தவர்களின் மூளையில் அழற்சியின் தடங்களும் தெரிந்தன. வெறும் சத்துக் குறைவால் அழற்சி வராது. அந்தக் கேள்வி முப்பது ஆண்டு அப்படியே கிடந்தது.

குளூட்டன் தள்ளாட்டம்

1990களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மரியோஸ் ஹட்ஜிவாசிலியூ என்ற நரம்பியல் மருத்துவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். குடல் நோயாளிகளிடம் நரம்புக் கோளாறைத் தேடுவதற்குப் பதிலாக, காரணம் தெரியாத நரம்புக் கோளாறோடு தன்னிடம் வருபவர்களின் ரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடினார். 1996இல் வெளியான அந்த ஆய்வில், எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானவர்களிடம் அவை இருந்தன. அவர்களில் பலருக்கு வயிற்றில் எந்த உபாதையும் இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது. நரம்பியல் மருத்துவர் ஒருவர் குடலைப் பற்றி யோசித்ததால் நடந்தது.

அவர் விவரித்த நோய்தான் குளூட்டன் அட்டாக்ஸியா. அட்டாக்ஸியா என்றால் தசையில் பலம் இருந்தும் அசைவுகள் ஒருங்கிணையாத நிலை. நடக்கும்போது கால்களை அகட்டி வைப்பார்கள். இருட்டில் சுவரைப் பிடிப்பார்கள். பேச்சு குழறலாம், கண்மணி ஓரிடத்தில் நிற்காமல் துடிக்கலாம். பொதுவாக ஐம்பது வயதை ஒட்டி, மெதுவாகத் தொடங்கும். குடித்திருக்கிறார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும் அவமானமும் சிலருக்குக் கூடவே வரும்.

அடிபடுவது சிறுமூளை; தலையின் பின்புறம், கீழே இருக்கும் பகுதி. அதிலுள்ள பர்கிஞ்சி செல்கள்தான் அசைவின் அளவையும் நேரத்தையும் சீர்படுத்தி அனுப்புபவை. போன பர்கிஞ்சி செல் திரும்ப முளைப்பதில்லை. அதனால் இந்த நோயில் நாள் கடத்துவது ஆபத்து. சீக்கிரம் கண்டுபிடித்து குளூட்டனை முற்றாக விலக்கியவர்களில் பலருக்கு நடை தேறுகிறது, அல்லது அதற்கு மேல் மோசமாகாமல் நிற்கிறது. பல ஆண்டு கழித்து வருபவருக்கு, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே பெரிய காரியம்.

குளூட்டன் அட்டாக்ஸியா உள்ளவர்களில் வயிற்று உபாதை சொல்பவர்கள் 10இல் ஒருவருக்கும் குறைவு. பயாப்ஸி செய்து, அதாவது குடலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடலில் சேதம் இருக்கும். "வயிறு நன்றாக இருக்கிறது, எனவே செலியாக் தொடர்பு இல்லை" என்று சொல்ல முடியாது.

தாக்குதல் ஒரு வழி, பட்டினி இன்னொரு வழி

இதுவரை பார்த்தது நோயெதிர்ப்புப் படை நேராகத் தாக்கும் வழி. இரண்டாவது வழி இன்னும் எளிமையானது. குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோனால், தட்டில் எவ்வளவு இருந்தாலும் உடலுக்குப் போய்ச் சேர்வது குறைவு. சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடக்கும் நிலை.

நரம்புக்கு வேண்டிய சத்துகள் பல இதில் அடிபடுகின்றன. இரும்பு குறைந்தால் சோர்வும் கவனச் சிதறலும். இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் தொல்லையும் வரலாம். பி12 குறைந்தால் கை கால் மரத்துப்போகும், ஞாபகம் மங்கும், மனநிலை மாறும். ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைவு மனச்சோர்வோடு சேர்ந்து பேசப்படுவது. தாமிரம் குறைந்தாலும் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடை கெடும் என்பது பலருக்குத் தெரியாது. பி12 குறைவு என்றே தோன்றும், பி12 ஊசி போட்டும் தீராது. இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ரத்தசோகை தீராதவரிடம், "மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை" என்று திட்டுவதற்கு முன்னால் குடல் அதை உறிஞ்சுகிறதா என்று கேட்பது நல்லது.

இந்த இரண்டாவது வழியின் பாதிப்பு பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. குடல் ஆற, குறைந்த சத்தை மருந்தாகக் கொடுக்க, பல அறிகுறிகள் மாதங்களில் விலகும்.

மரத்த பாதம், வலிப்பு

கை கால்களுக்குப் போகும் நரம்புகள் பழுதாவது இந்த நோயில் அடிக்கடி வரும் நரம்புத் தொல்லை. பாதத்தில் எறும்பு ஊர்வது போலவும் எரிச்சலாகவும் தொடங்கும், இரண்டு காலிலும் ஒன்றுபோல இருக்கும். ஸ்வீடனில் பயாப்ஸியால் உறுதியான 28,232 செலியாக் நோயாளிகளின் பதிவேட்டை அலசி 2015இல் வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட நரம்புப் பாதிப்பின் வாய்ப்பு அவர்களுக்கு இரண்டரை மடங்கு. நம் ஊரில் பாதம் எரிந்தால் முதலில் சர்க்கரையைப் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும், சர்க்கரை நோய்தான் முதல் காரணம். சர்க்கரையும் பி12-ம் சரியாக இருந்து, காரணம் பிடிபடாதபோதுதான் செலியாக் பட்டியலில் வரவேண்டும்.

வலிப்பு நோயோடும் ஒரு தொடர்பு உண்டு, அளவில் சிறியது. மூளையின் பின்பகுதியில் இரு பக்கமும் சுண்ணாம்புப் படிவு, வலிப்பு, செலியாக் மூன்றும் ஒன்றாக வரும் அரிய வகையை 1992இல் இத்தாலிய மருத்துவர்கள் விவரித்தார்கள். ஒற்றைத் தலைவலியும் செலியாக் உள்ளவர்களுக்குக் கூடுதலாகக் காணப்படுகிறது.

மனம்

தளர்வாகப் பேசப்படுவது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நோயாளிகளே அதிகம் சொல்வது "தலைக்குள் பனிமூட்டம்" என்ற குறை. பேசும்போது சொல் வராது, படித்தது நிற்காது, எல்லாம் மெதுவாக நடப்பது போல இருக்கும். மெல்போர்னில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 11 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. குடல் ஆற ஆற அவர்களுடைய சிந்தனைச் சோதனை மதிப்பெண்களும் ஏறின. 11 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. இருந்தாலும் நோயாளிகள் கற்பனையாகச் சொல்லவில்லை என்பதற்கு அது ஒரு தடயம். குளூட்டன் உள்ளே போனால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் அழற்சிச் செய்தி மூலக்கூறுகள் ஏறுவதையும் அளந்திருக்கிறார்கள்.

மனச்சோர்வும் பதற்றமும் செலியாக் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். காரணத்தைப் பிரிப்பதுதான் கடினம். அழற்சி ஒரு பங்கு, சத்துக் குறைவு ஒரு பங்கு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை ஆய்வுக் கட்டுரைகளைவிட நோயாளிகளே நன்றாகச் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் எதையும் தொட முடியாது. "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று அத்தை கேட்பார். பள்ளியில் பிறந்தநாள் கேக்கை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கவளத்தையும் சந்தேகப்படுவது மனத்தை அரிக்கத்தான் செய்யும். ஓராண்டுப் பத்தியத்துக்குப் பின் பதற்றம் குறைந்தது, மனச்சோர்வு குறையவில்லை என்று 2001இல் ஓர் இத்தாலிய ஆய்வு சொன்னது. பத்தியத்தைக் கொடுத்துவிட்டு மனத்தைத் தானாகச் சரியாகட்டும் என்று விடுவது போதாது என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயைப் பற்றிய கதை தனி. 1966இல் டோஹன் என்ற அமெரிக்க மருத்துவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோதுமை, ரை நுகர்வு மாறியதையும் மனச்சிதைவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை மாறியதையும் பல நாடுகளில் ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். பிற்கால ஆய்வுகளில், மனச்சிதைவு உள்ளவர்களில் ஒரு சிறு பிரிவினரிடம் குளூட்டனுக்கு எதிரான ஆன்டிபாடிகள் கூடுதலாக இருப்பது தெரிந்தது. ஆனால் தையல்காரருக்கு எதிரான ஆன்டிபாடி அவர்களில் பெரும்பாலோரிடம் இல்லை. எனவே அது செலியாக்கே அல்ல, வேறு ஏதோ ஒன்று. இதை நம்பி மனநல மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோதுமையையும் நிறுத்துவது ஆபத்தான விளையாட்டு. குளூட்டனை விலக்கினால் ஆட்டிசம் தீரும் என்ற விளம்பரங்களுக்கும் சான்று கிடையாது.

சுருக்கமாக: செலியாக் மனத்தைத் தொடும் வழிகள் மூன்று; அழற்சி, சத்துக் குறைவு, நோயோடு வாழும் பாரம். ஒரே நோயாளியிடம் மூன்றும் கலந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இது உண்டா?

இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. தெற்கின் தரவு தமிழ்நாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ரத்தத்தில் செலியாக் ஆன்டிபாடி இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. இதை மட்டும் பார்த்தால் "நமக்கு ஏது?" என்றவர் சொன்னது சரி. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபு வடக்கில் சுமார் 38 சதவீதத்தினருக்கும் தெற்கில் சுமார் 36 சதவீதத்தினருக்கும் இருந்தது. ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில்: வடக்கில் ஒருவர் நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம்.

அரிசி நம்மைக் காத்திருக்கக்கூடும். சர்க்கரை நோய் வந்ததும் இரவில் சப்பாத்திக்கு மாறும் வீடுகள் இன்று எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். டெல்லியிலோ லண்டனிலோ டொராண்டோவிலோ காலையில் பிரெட், மதியம் சாண்ட்விச் என்று வாழும் தமிழருக்கு மரபு பழையதுதான், தட்டு வேறு.

பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும் நினைவில் நிற்கும் என்றால் அது மேலே உள்ள தலைப்பாக இருக்கட்டும். சந்தேகம் வந்ததும் பலர் செய்வது கோதுமையை விடுவது. மாதங்கள் கழித்து மருத்துவரிடம் போனால் ஆன்டிபாடி இறங்கியிருக்கும், குடல் ஆறியிருக்கும், சோதனை "இல்லை" என்று வரும். பிறகு உண்மை தெரிய வேண்டுமானால் மீண்டும் வாரக்கணக்கில் கோதுமை தின்ன வேண்டும். உண்மையிலேயே நோய் உள்ளவருக்கு அது சித்திரவதை.

முதல் சோதனை டிடிஜி ஐஜிஏ; ஐஜிஏ என்பது ஆன்டிபாடிகளில் ஒரு வகை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு. அவர்களிடம் டிடிஜி பொய்யாக "இல்லை" என்று வரும். பெரியவர்களுக்குப் பொதுவாக அடுத்தது எண்டோஸ்கோபியும் சிறுகுடல் பயாப்ஸியும். கோதுமை தின்றால் வயிறு உப்புகிறது என்பது மட்டும் செலியாக் அல்ல. கோதுமை ஒவ்வாமை உண்டு, செலியாக் இல்லாத குளூட்டன் உபாதை என்று தனியாகவும் ஒன்று உண்டு. இந்த இரண்டிலும் குடலுறிஞ்சிகள் அழிவதில்லை.

உறுதியானால் மருந்து ஒன்றுதான்: குளூட்டன் அறவே இல்லாத உணவு, வாழ்நாள் முழுவதும். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லிக் கஞ்சி, மால்ட் பானங்கள் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் கவிழ்ப்பது கூட்டுப் பெருங்காயம். அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், சாம்பார், ரசம் வழியாக நாள் தவறாமல் உள்ளே போகும். சோயா சாஸிலும் வழக்கமாகக் கோதுமை உண்டு. சப்பாத்தி போட்ட அதே கல்லில் வார்த்த தோசையும், கோதுமை அரைத்த மில்லில் அரைத்த கேழ்வரகு மாவும் ஆகாது. "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய விதி; லேபிளைப் படிக்கும்போது அந்த வாசகத்தைத் தேடுங்கள்.

பத்தியம் சரியாக இருந்தும் மரமரப்போ தள்ளாட்டமோ மனச்சோர்வோ குறையவில்லை என்றால், ஒளிந்து வரும் குளூட்டனையும் பி12, ஃபோலேட், இரும்பு, தாமிரம் ஆகியவற்றின் அளவையும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என நெருங்கிய ரத்த உறவுகளில் 100க்கு ஏழெட்டுப் பேருக்கு அது இருக்கக்கூடும். வயிறு நன்றாக இருந்தாலும் அவர்களும் ஒரு முறை டிடிஜி பார்த்துக்கொள்ளட்டும், வழக்கம்போல எல்லாவற்றையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே.